எல்லைக்குள் வரும் ஓடை: சிறுவாச்சூரை முன்வைத்து ஓர் ஆய்வு

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும். மற்ற நாள்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருக்கிறாள் என்பது ஊர் நம்பிக்கை. மலைக்குச் சாமி உண்டு. ஏரிக்கு ஆயக்கட்டுக்காரர் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓடும் ஓடைக்குத்தான் கேட்க ஆளில்லை. பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் வயலும் மேய்ச்சல் தரையும் மனைகளாகி வருகின்றன. இந்நிலையில் ஓடைக்கரை அழிவதை வெறும் ஆக்கிரமிப்பாக மட்டும் பார்ப்பது போதாது. நூறாண்டுக்கு மேலாக நம் சட்டம் ஓடையைச் சொத்தாக மட்டுமே அறிந்திருக்கிறது, வாழிடமாக அறியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். நகர எல்லை விரியும்போதுதான் அந்தக் குறை அம்பலமாகிறது.

1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஏரி ஆகியவற்றின் படுகைகளை அரசின் சொத்து என்று அறிவித்தது. கிராமத்து அ-பதிவேட்டில் ‘ஓடைப் புறம்போக்கு’ என்று புல எண்ணுக்கு எதிரே எழுதப்பட்ட இரண்டு சொற்கள்தான் அதன் நடைமுறை வடிவம். கரையில் நிற்கும் நுணாவும் புங்கும், புதரில் அடையும் மயிலும் கௌதாரியும், இரவில் படுகை வழியே நடக்கும் நரியும் அந்தப் பதிவேட்டில் இல்லை. 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. அந்த வழக்கே ஓடைப் புறம்போக்கு பற்றியதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து 2007இல் வந்த சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. 2017இன் ஈரநில விதிகளோ ஆற்றுப் படுகையையும் பாசனத்துக்கென வெட்டிய நீர்நிலையையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரியைப் பாருங்கள். மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிறையும் அந்த 454 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, பறவைகள் சரணாலயமாகத் தனியே அறிவிக்கப்பட்டதால் பிழைத்தது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வரித்தலை வாத்துக்கு அங்கே இடம் உறுதி. பச்சைமலையில் பிறந்து கொள்ளிடம் சேரும் மருதையாற்றின் சிற்றோடைகளுக்கு அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. புள்ளியைக் காத்தோம், கோட்டை விட்டோம்.

எல்லை மாறும் நாளில் நடப்பது இதைவிட நுட்பமானது. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊர் நகராட்சியில் சேர்ந்தால் ஒன்றியமும் இல்லை, கிராம சபையும் இல்லை. பின்னால் நகர அளவை வரும்போது பழைய புல எண்கள் வார்டு, பிளாக், புதிய எண் என்று உடைகின்றன. ஓடை என்ற வகைப்பாடு ஒரு ஏட்டிலிருந்து மறு ஏட்டுக்குச் சிதையாமல் போய்ச் சேருமா என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது.

நகராட்சிக்குப் பணமும் பொறியாளரும் உண்டு, ஊராட்சியைவிட நன்றாகக் காக்கும் என்பது ஒரு மறுப்பு. பாதி உண்மைதான், ஆனால் நகரத்துப் பொறியாளர் கண்ணில் ஓடை மழைநீர் வடிகால், வடிகாலுக்கு நல்லது கான்கிரீட் சுவர். பத்து மாதம் காய்ந்து கிடக்கும் பள்ளத்துக்கு இத்தனை மரியாதையா என்று கேட்பவரும் உண்டு. காய்ந்த படுகைதான் விலங்குக்குப் பாதை என்பதையும், ஐப்பசி மழையில் அதே பள்ளம் வழி கேட்கும் என்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கனமான மறுப்பு மூன்றாவது: ஓடைக்கரையில் கட்டடம் கூடாத இடைவெளி விதித்தால் அடிபடுவது கரையில் குடிசை போட்ட ஏழை. சென்னையில் அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதைப் பார்த்தவர் இதை எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் அந்தத் துயரம் இடைவெளி விட்டதால் வந்ததல்ல, முதலிலேயே விடாததால் வந்தது. மனை விற்கும் முன் கோடு போட்டிருந்தால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

பெங்களூரு இதற்குச் சான்று. 2007இல் அந்த மாநகராட்சி சுமார் மூன்று மடங்கு விரிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் 2016இல்தான் ஏரிக்கு 75 மீட்டர், ராஜகால்வாய் எனப்படும் மழைநீர்க் கால்வாய்களுக்கு அளவுக்கேற்ப 50, 35, 25 மீட்டர் இடைவெளி விதித்தது. நகரின் பெருந்திட்டத்தைத் திருத்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அளவு தவறென்று யாரும் நிறுவவில்லை. திட்டத்தில் எழுதாததுதான் குற்றம். எனவே எழுத வேண்டிய நேரம் எல்லை விரிவு அரசாணையோடு சேர்ந்த நேரம். பணச் செலவும் பெரிதில்லை. பெரிய மனைப்பிரிவுகள் பத்து விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தை விற்காத மூலையில் ஒதுக்காமல் ஓடைக்கரையை ஒட்டியே விடச் சொன்னால், அடுத்தடுத்த மனைப்பிரிவுகளின் துண்டுகள் சேர்ந்து ஒரே கரையாகும்.