கெடுதி தேடும் நாய்: கோலார் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாறு

அம்போ குண்டோ பட்டும் உயிர் போகாமல் ஓடி மறைந்த விலங்கை, அதன் வாடையை வைத்து நாயின் துணையோடு தேடிக் கண்டடைவது வேட்டைக் கலையில் தனியொரு கிளை. துரத்தும் நாய் வேறு, தேடும் நாய் வேறு. துரத்தும் நாய் கண்ணெதிரே ஓடும் விலங்கை மடக்கும். தேடும் நாயோ, நீண்ட வாரில் கட்டுண்டு, தரையில் மூக்கை வைத்து, பல மணி நேரத்துக்கு முன் போன ஒரே ஒரு விலங்கின் தடத்தை மட்டும் விடாமல் தொடரும். பழந்தமிழில் கைவிட்டுப் போன பொருளுக்கும், அடிபட்டுத் தப்பிய வேட்டை விலங்குக்கும் 'கெடுதி' என்ற சொல் வழங்கியது. தென்னிந்தியாவில் கெடுதியைத் தேடும் கடமை பழையது, வேட்டை நாயும் பழையது. ஆனால் அந்தக் கடமையை நாயிடம் ஒப்படைக்கும் முறை வேட்டை சட்டவிரோதமான பிறகுதான் இங்கே வேரூன்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கான தடயங்கள் கோலார் தங்கவயலைச் சூழ்ந்த நிலத்திலும், அங்குச் சுரங்க வேலைக்கு வந்த தமிழர் பலரின் பூர்விகமான வடஆர்க்காட்டிலும், இரண்டுக்கும் மேற்கே உள்ள மைசூர்க் காடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

நாய் தொடர்வது இரத்தத்தை மட்டும் என்று நினைப்பது பிழை. குடலில் அடிபட்ட மான் பல நேரங்களில் ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாமல் நெடுந்தூரம் போய்விடும். மானின் குளம்புப் பிளவில் உள்ள சுரப்பி ஒவ்வோர் அடியிலும் தன் வாடையைத் தரையில் விடுகிறது. உடலிலிருந்து உதிரும் நுண்ணிய தோல் துகள்களும் மிதிபட்ட புல்லின் மணமும் அதனோடு சேர்கின்றன. மந்தையில் நூறு மான்கள் கலந்து நடந்தாலும், பழக்கிய நாய் அடிபட்டதன் தடத்தைப் பிரித்தறியும். அனுபவமுள்ளவர்கள் அடிபட்டவுடனே பின்தொடர்வதில்லை. விரட்டாமல் விட்டால் காயப்பட்ட விலங்கு அருகிலேயே படுத்துவிடும், அவசரப்பட்டால் வலியோடு பல மைல் ஓடும். ஆகவே காயத்தின் தன்மைக்கேற்பச் சில மணி நேரம் காத்திருந்து, தடம் ஆறிய பின்னரே நாயை இறக்குவார்கள். ஆறிய தடத்தில் பொறுமையாக நடப்பதுதான் இந்த நாயின் முழுத் திறமை. வேகமும் தாடை வலியும் இதற்கு இரண்டாம் பட்சம்.

கடமை எவ்வளவு பழையது என்பதை அகப்பொருள் மரபே காட்டுகிறது. தலைவன் தலைவியிடம் பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு வேண்டும். என் அம்பு தைத்த மான் இவ்வழி வந்ததா, புண்பட்ட யானையைப் பார்த்தீர்களா என்று அவன் கேட்கிறான். இதைக் கெடுதி வினாதல் என்று இலக்கணம் வகுத்தார்கள். திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று தனித்தனித் துறைகளாகவே இது வருகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவன் வேட்டை நாய்கள் சூழ வந்து, தப்பிய விலங்குகளைப் பற்றி விசாரிக்கிறான். கேட்பவர் நம்பக்கூடியதாக இருந்தால்தான் ஒரு சாக்கு சாக்காகும். அடிபட்டதை விட்டுவிட்டுப் போகிறவன் வேடன் அல்லன் என்ற எண்ணம் ஊரறிந்ததாக இருந்ததால்தான், முன்பின் அறியாத ஆண் தினைப்புனத்தில் நின்று கேள்வி கேட்பது இயல்பாகத் தோன்றியது. இது வெறும் காதல் உத்தி, வேட்டை வழக்கத்துக்குச் சான்றாகாது என்று மறுக்கலாம். மரபு கற்பனையானது என்பது சரி, ஆனால் கற்பனை உண்மையான வழக்கத்தைத்தான் கடன் வாங்கியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: நாய்கள் கூடவே நிற்கும்போதும் அவன் மனிதரிடம்தான் கேட்கிறான். அந்த நாய்கள் குரைத்துச் சூழ்ந்து பெண்களை அஞ்ச வைக்கின்றன. தடம் பார்க்கும் வேலை அவற்றுக்குத் தரப்படவில்லை.

கல்லும் இதையே சொல்கிறது. செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற அவனது நாயும் அதில் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்னும் பொருத்தமான சான்று ஆதகூர்க் கல்வெட்டு. கோலாரின் பழம்பெயர் குவளாலம், கங்க அரசர்களின் தொடக்ககாலத் தலைநகர். அந்தக் கங்க மரபில் வந்த இரண்டாம் பூதுகன் 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தனைக் கொன்றான். பூதுகனின் வீரன் மணலேரனின் தீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்று சொல்லப்பட்டபோது, அவன் ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பெற்ற நாயைப் பின்னர் பெலதூர்க் குன்றருகே ஒரு பெரிய காட்டுப்பன்றியின் மேல் ஏவினான். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கோயிலின் முன் அந்த நாய்க்குக் கல் நட்டு, நிலம் விட்டு, நாள்தோறும் வழிபாடு நடக்க ஏற்பாடும் செய்தார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அக்கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு நாய்க்கு இதைவிடப் பெரிய மரியாதையை வரலாறு தந்திருக்குமா என்பது ஐயம். ஆனால் அந்த மரியாதை எதற்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். மோதியதற்கும் மடிந்ததற்கும்தான் கிடைத்தது. பன்றியின் தடத்தை மோந்து மெதுவாகப் போய்க் கண்டுபிடித்த நாய்க்கு நட்ட கல் எனச் சொல்ல இந்த வட்டாரத்தில் ஒன்றுமில்லை.

இன வளர்ப்பிலும் அதே சாய்வு தெரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் அமைந்த மானசோல்லாசம் நாய்களைக் கொண்டு ஆடும் வேட்டைக்கெனத் தனிப் பகுதி ஒதுக்குகிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் முதோளும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் நாய்கள். கோம்பை பன்றியை எதிர்கொள்ளும் துணிவுக்குப் பெயர் பெற்றது. நிதானமான மூக்குக்காகவே வளர்க்கப்பட்ட இனம் இவற்றில் இல்லை. இதைக் குறையென்று சொல்வது நியாயமல்ல என்று ஒருவர் எதிர்வாதம் வைக்கலாம்: இருளரும் சோலகரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் கண்ணாலேயே தடம் படிப்பவர்கள், ஒடிந்த குச்சியும் புரண்ட கல்லும் அவர்களுக்கு எழுத்து, நாய் எதற்கு? நாய் இங்கே தேவைப்படாமல் போனதற்கு அதுவே முதன்மைக் காரணம் என்று நானும் கருதுகிறேன். ஆனாலும் கண்ணின் எல்லையை மறக்கக் கூடாது. இருட்டிலும், காய்ந்த பாறையிலும், மழை இரத்தத்தைக் கழுவிய பிறகும் கண் தோற்கும் இடத்தில் மூக்குக்கு வேலை மிஞ்சியிருக்கிறது.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. அங்கும் முற்காலத்தில் நாய்க் கூட்டம் மானைத் துரத்திக் களைக்க வைப்பதே வழக்கம். துப்பாக்கி பரவிய பின் தூரத்திலிருந்து சுடுவதும், அதனால் காயத்தோடு தப்பும் விலங்குகளும் பெருகின. ஜெர்மனியின் ஹானோவர் அரசவை வேட்டைக்காரர்கள், கலைமான் எங்கே படுத்திருக்கிறது என்று வாரில் கட்டிய நாயால் கண்டறியும் பழைய முறையைக் காயம்பட்டதைத் தேடும் முறையாக மாற்றினார்கள். ஹானோவர் மோப்ப நாய் அப்படி உருவானது. அதைப் பேண 1894இல் ஹிர்ஷ்மான் சங்கம் தோன்றியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1970களில்தான் இம்முறை இடம்பிடித்தது.

துப்பாக்கி மைசூருக்கும் நீலகிரிக்கும் வந்தபோது இந்த மாற்றம் ஏன் கூட வரவில்லை? வெள்ளைக்கார வேட்டைக்காரனுக்கு ஒவ்வொரு காட்டிலும் குறைந்த கூலிக்குத் தடம் பார்ப்பவர்கள் கிடைத்தார்கள். புலியும் கரடியும் காட்டெருமையும் இருக்கும் புதரில் நாயை அனுப்புவது அதைப் பலி கொடுப்பதாகவே முடியும் என்ற அச்சமும் உண்டு. விதிவிலக்குகள் வடக்கே இருந்தன. காயம்பட்ட சிறுத்தையைத் தொடர்வதில் தனக்குத் துணை நின்ற ராபின் என்ற ஸ்பானியல் நாய்க்காக ஜிம் கார்பெட் 1944இல் வெளிவந்த குமாயுன் நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். இலங்கையில் சாமுவேல் பேக்கர் 1850களில் விவரித்த நுவரெலியா நாய்களோ கடம்பை மானைத் துரத்தி மடக்குபவை, ஆதகூர்க் காளியின் உறவினர்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது. உரிமம் பெற்றுச் சுட எஞ்சியிருந்த வழியை 1991 திருத்தம் அடைத்தது. அதற்குப் பின்தான், காவல்துறையும் எல்லைக் காவலும் வளர்த்த மோப்பப் பயிற்சி காட்டுக்குள் நுழைந்தது. 2008இல் வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு வனத்துறைகளுக்காக மோப்ப நாய்த் திட்டத்தைத் தொடங்கியது. பந்திப்பூரின் ராணா என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் கள்ளவேட்டை வழக்குகளில் மட்டுமல்ல, 2019இல் மனிதரைக் கொன்ற புலியைத் தேடுவதிலும் இறக்கப்பட்டது. 2021இல் நீலகிரியில் டி23 என்ற முதிய, காயம்பட்ட புலிக்கான தேடல் மூன்று வாரம் நீண்டது. மோப்ப நாய்களும் கும்கி யானைகளும் அதில் ஈடுபட்டன. சுட்டுக் கொல்ல உத்தரவு பிறந்து, உயர் நீதிமன்றம் தலையிட்டது. முந்தின இரவு மயக்க ஊசி பட்டும் நழுவிய புலி, அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடிபட்டு மைசூருக்குக் கொண்டுபோகப்பட்டது. ஊசி பட்டு மறைந்த விலங்கைத் தேடுவதும் கெடுதி தேடுவதுதான். முடிவில் காத்திருப்பது கத்தியா, மருத்துவரா என்பதுதான் வேறுபாடு.

காட்டுக்குள் நாயே கூடாது என்போரின் அச்சம் வலுவானது. 2018இல் கிர் காட்டில் நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் கிருமி சிங்கங்களைக் கொன்றது. ஆனால் அந்த அபாயம் தடுப்பூசி காணாமல் அலையும் நாயிடமிருந்து வருவது. ஊசி போட்டு, வாரை விட்டு விலகாத ஒரு நாயிடம் அது மிகக் குறைவு. இன்னொரு கேள்வி, சட்டம் அனுமதிக்கும் கொலையைப் பற்றியது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரளம் 2022இல் உள்ளாட்சிகளுக்குத் தந்தது. தங்கவயலின் கிழக்கே ஆந்திரத்தின் கௌண்டின்ய சரணாலயக் காடுகள், யானை வந்துபோகும் எல்லை. இத்தகைய ஓரங்களில் பன்றி மீதான கோபம் எங்கும் ஒன்றே. இரவில் சுடப்பட்டுக் கரும்புக்குள் புகுந்த பன்றியை விடியலில் களை எடுக்க வரும் பெண்கள் எதிர்கொள்ளக் கூடாது. அதனால் துப்பாக்கிக்கு அனுமதி எழுதும் அதே தாளில், வாரில் கட்டிய ஒரு நாய்க்கும் அதை நடத்தத் தெரிந்த ஒருவருக்கும் இடம் எழுதப்பட வேண்டும்.