தோலும் பாடத்திட்டமும்

நாம் கூடியிருக்கும் திருவாமாத்தூரின் பெயரிலேயே 'ஆ' இருக்கிறது. பசுக்கள் வழிபட்டுக் கொம்பு பெற்ற தலம் என்கிறது தலபுராணம். மூவரும் பாடிய ஊர். செத்த பசுவின் தோல் எங்கே போனது என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

நாம் சொல்வோம். மிருதங்கத்துக்கும் போனது. பசுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோல். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குத் தோல் தேர்ந்து, பதம் பார்த்து, நாதம் கூட்டியவர் பர்லாந்து என்ற தலித் கிறித்தவர். அந்தத் தொழிலாளர் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என 2020இல் நூலாக்கினார். நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும், வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தந்திருந்த கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்பப் பெற்றது. மேடையில் தோல் ஒலிக்கலாம். தோலைப் பற்றிய பேச்சு ஒலிக்கக்கூடாது!

சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரி பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே மிருதங்கம் படிக்க நம் பிள்ளைகள் போகட்டும். சொற்கட்டும் கோர்வையும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஆனால் வாசிப்பவருக்குப் பட்டம், மூட்டுபவருக்குக் கூலி என்ற பிரிவினையை வகுப்பிலேயே கேள்வி கேட்கட்டும். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ச்சி. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் உள்ளதுபோல் பறைக்கும் முழுநேரப் பட்டப்படிப்பு வேண்டும். தோல் பதமிடுவதும் மூட்டுவதும் அதில் மதிப்பெண் உள்ள பாடமாக வேண்டும். அதைக் கற்பிக்கும் நாற்காலியில் அத்தொழிலாளியே உட்கார வேண்டும்.