ஹைவே 49: மலையைக் கரைச்ச கதை

கலிஃபோர்னியாவுல ரோடு ட்ரிப் போனா ஹைவே 49-ஐ விட்டுடாதீங்க மக்களே. 1849-ல் தங்கம் தேடி வந்த கூட்டத்தோட நினைவாத்தான் அந்த நம்பர். வழியில வர்ற கொலோமாவுலதான் 1848 ஜனவரி 24 அன்னைக்கு ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்கைப் பார்த்தார்.

நெவாடா சிட்டி தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனா மாலகாஃப் டிக்கின்ஸ். ஆரஞ்சும் வெள்ளையுமா செங்குத்துச் சரிவுகள், செம அழகு! ஆனா அதைச் செதுக்குனது மனுஷங்க. பீரங்கி மாதிரிக் குழாய்ல தண்ணியைப் பீய்ச்சி மலையையே கரைச்சாங்க. அந்த மண்ணு யூபா ஆத்துல இறங்கி, கீழே இருந்த வயல்களை மூடுச்சு. விவசாயிங்க தரப்புல கேஸ் போட்டாங்க. 1884-ல் நீதிபதி லோரென்சோ சாயர், ஆத்துல மண்ணைத் தள்ளக் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னார்.

வயல் பிழைச்சுது. ஆனா, தங்கத்தைப் பிரிக்க ஊத்துன பாதரசம் இன்னும் ஆத்து வண்டல்ல கிடக்கு.