தொடரும் பாசமும்: வேட்டை நாயை நடத்திய முறை

நாயைக் கட்டிவைத்தல் வேறு. கட்டி நடத்திச் செல்லுதல் வேறு. முன்னதற்குக் கயிறும் தறியும் அமையும். பின்னதற்கோ நாய்க்கும் பயிற்சி வேண்டும். கயிறு பற்றுவோனுக்கும் பயிற்சி வேண்டும். தமிழ்ச் சான்றுகளில் இவ்விரு நிலைகளிலும் ‘தொடர்’ என்னும் ஒரு சொல்லே வருதலின், இவற்றிடையே உள்ள வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகின்றது.

புறநானூற்று 74ஆம் பாட்டில், சேரமான் கணைக்காலிரும்பொறை சிறைப்பட்ட தன் நிலைக்குத் தொடராற் பிணிப்புண்ட ஞமலியை உவமை ஆக்குகின்றான். (அவன் சிறையிலேயே உயிர் துறந்தான் என்னும் அப்பாட்டின் அடிக்குறிப்பிற்கும், விடுவிக்கப்பட்டான் என்னும் களவழி நாற்பது பற்றிய மரபிற்கும் உள்ள முரண் ஈண்டு வேண்டற்பாலதன்று.) அங்குத் தொடர் என்பது தடையே, நாய் இருத்தப்பட்டதேயன்றி நடத்தப்பட்டதன்று.

பெரியபுராணத்தின் கண்ணப்ப நாயனார் புராணம் பிறிதொரு காட்சியைத் தருகின்றது. கி. பி. 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார், திண்ணனாரின் வேட்டைப் படையோடு சென்ற நாய்களை ஒரு செய்யுளிற் காட்டுகின்றார். நாய்களின் செந்நாவை வெற்றிமகளின் பாதத்தோடு ஒப்பிடும் உவமையைப் பலரும் பாராட்டுவர். யாம் நோக்க வேண்டியவை வேறு இரண்டு. பாசத்தை வலிய கையினரான வீரர் பற்றியிருந்தனர் என்பது ஒன்று. நாய்கள் ஒன்றோடொன்று நேர்படாமற் சென்றன என்பது மற்றொன்று. ‘நேர்படாமை’ என்பதற்கு ஒத்திராமை எனவும் பொருள் கூறலாம். எனினும், பாசமும் அதனைப் பற்றிய கையும் முன்னர்க் கூறப்பட்டமையின், எதிர்ப்படாமை என்பதே பொருந்தும்.

கயிற்றை இழுத்தாலும் நாய் முன்னேற முடியுமாயின், இழுத்தலையே அது கற்றுக்கொள்ளும். ஆதலின், கயிறு இறுகியவுடன் நிற்பதும், தளர்ந்தபின் நடப்பதும், முழங்காலருகே வரும் நாய்க்கு உணவு தருவதும் இக்காலப் பயிற்றுநர் கையாளும் முறை. பல நாய்களை ஒருங்கே நடத்துவோர்க்கு இன்னோர் இடர் உண்டு. இழுக்கும் நாய்கள் குறுக்கிட்டாற் கயிறுகள் சிக்கும், பூசலும் விளையும். சேக்கிழார் கூறும் நேர்படாமை இவ்விடரை நன்கு அறிந்த காட்சி. அதுகொண்டு அந்நாய்கள் அமைதியாக நடந்தன என்றல் மிகையாகும். கையின் வன்மையைப் புலவர் எடுத்துரைத்தலின், அவை முன்னோக்கி இழுத்தன என்றே கொள்ளவேண்டும். வேட்டைக்குச் செல்லும் நாயிடம் வேண்டுவது அமைதியன்று, ஒழுங்கே.

தொடரிற் பிணித்த பாசம் என இரண்டும் தனித்தனியே கூறப்படுதலும் கருதத்தக்கது. கழுத்திற் கிடப்பது தொடர், கையிற் பற்றுவது பாசம் எனப் பிரித்துணர இடமுண்டு. கி. மு. 4ஆம் நூற்றாண்டினரான கிரேக்க ஆசிரியர் செனோபன் பெயரால் வழங்கும் வேட்டை நூல், இப்பிரிவை வெளிப்படையாகவே வற்புறுத்துகின்றது. கழுத்துப்பட்டை மயிரைத் தேய்க்காதவாறு மென்மையும் அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும். வாரிற் கை நுழையும் வளையம் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நாயை நன்கு அடக்கவியலாது என்கின்றது அந்நூல். இளநாயை உடனே அவிழ்த்துவிடாமல், நீண்ட வாரிற் பிணித்து, மோப்பம் பிடிக்கும் நாய்களின் பின்னே செலுத்துக என்றும் கூறும். பசித்த நாய்க்குத் தலைவனே உணவிடின், அது இட்டவனிடம் அன்பு கொள்ளும் என்னும் அதன் அறிவுரை, இற்றைப் பயிற்றுநர் கூற்றினின்று பெரிதும் வேறுபடவில்லை. இவ்வொப்புமை கொண்டு கிரேக்கத் தொடர்பு காண முற்படுதல் வேண்டா; ஒரே தொழில் ஒரே கருவியை இரு நாடுகளிலும் தோற்றுவித்திருக்கலாம்.

பாசமின்றி நின்ற நாய்க்கும் நம்மிடம் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தியின் உருவத்தோடு அவன் நாயும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. கூவி அழைப்பதற்கு எளிதாக நாய்க்குக் குறும்பெயர் இடுக என்பதும் அக்கிரேக்க நூலின் அறிவுரை. கோவிவன் நான்கெழுத்துப் பெயர்.