பழைய ஹோண்டா சி70: சரிசெய்யலாமா, விட்டுவிடலாமா?

அப்பா பால் மரம் வெட்டப் போய்வந்த ஹோண்டா சி70 பல வீடுகளில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. 72 சிசி, 3 கியர் கொண்ட அந்த மோட்டாருக்குச் செலவழிக்குமுன் பார்க்க வேண்டியவை:

பத்திரம்: பதிவுப் பத்திரத்திலுள்ள இயந்திர எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால், பெயர் மாற்ற முடியுமா என்று சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முதலில் கேட்பது நல்லது.

சேஸிஸ்: தகட்டால் ஆனது, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பின்சக்கரப் பக்கம் திருப்புளியால் குத்தி ஓட்டை விழுந்தால், மற்ற செலவெல்லாம் வீண்.

இயந்திரம்: ஓடாததால் வண்டி செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். பிஸ்டன், ரிங், கார்புரேட்டர் எல்லாம் மாற்றக்கூடியவை.

பணத்தைத் தின்பது சாயமும் குரோமும்தான். ஓட்டுவதற்கு பிரேக், டயர், வயரிங் சரியாக இருந்தால் போதும். அப்பா தேய்த்த தேய்மானம் அப்படியே இருக்கட்டும்.