திருப்பித் தராத சிப்பாய்



நேற்று டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு ஜி.ஐ. ஜோ பொம்மை கிடைத்தது. 1990களில் வகுப்பில் விளையாடிய ஒரு மாணவனிடம் நான் பிடுங்கி வைத்தது.

இந்தச் சிப்பாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இதை வெளியிட்டது. 'பொம்மை' என்றால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று 'ஆக்‌ஷன் ஃபிகர்' எனப் பெயர் வைத்தது. அப்போது உயரம் 12 அங்குலம். 1982இல் மூன்றே முக்கால் அங்குலமானது. நம் கடைகளுக்கு ஃபன்ஸ்கூல் வழியாக வந்தது.

உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம்தான் உடலையும் கால்களையும் சேர்த்துப் பிடிக்கும். நான் எடுத்ததும் அது இற்றுப்போய் இடுப்பு தனியே கழன்றது. மனசு கேட்கவில்லை.

"பரீட்சை முடிந்ததும் தருகிறேன்" என்று சொன்னேன், மறந்துவிட்டேன். கேட்க அவன் பயந்திருப்பான்.

புது வளையம் மாட்டி வைத்திருக்கிறேன். உரியவன் இதைப் படித்தால் வீட்டுக்கு வாப்பா.