பொம்மையால் கிடைத்த பங்கு

1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் கொணர்ந்த இரும்புக்கை மாயாவியை, வட்டவடையிலும் வெளிமாநிலங்களிலும் வாழும் தமிழராகிய நாம் அறிவோம். அவனைத் தீட்டிய கையைப் பெரும்பாலும் அறியோம். அமெரிக்காவிலும் ஓவியர் நிலை அதுவே. 1970-இல் ஜாக் கிர்பி டார்க்சைட் என்னும் கொடியோனைப் படைத்தார், உரிமையோ டி.சி. நிறுவனத்துடையதாயிற்று.

1984-இல் கென்னர் கம்பெனி ‘சூப்பர் பவர்ஸ்’ பொம்மைகளை வெளியிட்டது. கால்களைச் சேர்த்து அழுத்தினால் சூப்பர்மேன் கையோங்கிக் குத்துவான். சிறுவர்க்கு வேறென்ன வேண்டும்! இவ்வரிசைக்கென டார்க்சைட் முதலியோரைப் புதிதாக வரைந்து தருமாறு டி.சி. நிறுவனம் கிர்பியையே அழைத்தது. அதன் பயனாகப் பொம்மை வருவாயில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அறுபது வயது கடந்த பின் வந்த அப்பங்கை நாம் சிறிதெனக் கருதவில்லை. வரிசை 1986-இல் நின்றது. கிர்பி 1994-இல் மறைந்தார்.